கறுப்புப் பட்டை ஒன்று பாக்கி

மீன்கூடைத் தண்ணீர் சவுரிராயனின் சட்டைக் காலர் வழியாக உள்ளே இறங்கி, முதுகில் ஓடி, பேண்ட் இடுப்பில் வந்து தேங்கி நின்றது.

திண்டிவனம் பஸ்ஸின் கூரைமேல் யாரோ கூடையை ஏற்றியிருந்தார்கள். சவுரிராயன் துணிமூட்டையோடு படிக்கட்டில் காலை வைத்த நேரம் பார்த்து அது சாய்ந்துவிட்டது.

"யோவ், எறங்குய்யா! இந்த நாத்தத்தோட நீ ஏறினா பஸ்ல ஒருத்தன் உக்கார மாட்டான்," என்றார் கண்டக்டர்.

"அவசரமா டெலிவரி குடுக்கணுங்க. திண்டிவனத்துல மாஸ்டர் காத்துக்கினு இருப்பாரு."

"அப்ப ஜல்தியா வேற சட்டை மாத்திக்கினு வா. டிரைவர் டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும்தான் டைம்."

வேறு சட்டைக்கு எங்கே போவது? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நியூஸ்பேப்பர் கடைக்குப் பின்னால் நின்று மூட்டையைப் பார்த்தான் சவுரிராயன். மூட்டை முழுக்க உடுப்புதான். ஆனால் எல்லாம் கராத்தே உடுப்பு.

அது கராத்தே காலம். எண்பதுகளின் நடுப்பகுதி. விழுப்புரத்தில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் சந்துக்கு ஒரு கராத்தே வீரனும் இருந்தார்கள். வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடியவிடியச் சண்டைப் படம் பார்த்துவிட்டு, காலையில் துடைப்பக் கட்டையை இரண்டாக அறுத்து நாய்ச்சங்கிலியால் கோத்து, சுழற்றிச் சுழற்றித் தங்கள் மண்டையிலேயே போட்டுக்கொண்டார்கள். வீடு கட்ட இறக்கிய செங்கல்லுக்கு ராத்திரியில் காவல் போட வேண்டியிருந்தது. நெற்றியில் துணி கட்டாத பையனை அவன் அம்மாவே சந்தேகமாகப் பார்த்த காலம்.

சவுரிராயன் அந்த வகை இல்லை. 'சவுரி டெய்லர்ஸ்' முதலாளி, தொழிலாளி எல்லாம் அவனே. வயது முப்பதைத் தாண்டியும் பெண் அமையவில்லை. தெருமுனையில் நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ஆள். கராத்தேக்கும் அவனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், திண்டிவனத்தில் ரைஸ்மில் களத்தில் வகுப்பு நடத்திய மாஸ்டர் பச்சைமுத்து கொடுத்த ஆர்டர்தான். காடாத்துணியில் வெள்ளை உடுப்புகள், வெள்ளைப் பட்டைகள். அவற்றோடு ஒரே ஒரு கறுப்புப் பட்டை.

அந்தக் கறுப்புத் துணியை மாஸ்டர் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்திருந்தார்.

"டெய்லரே, இது மெட்ராஸ்ல எங்க மாஸ்டர் குடுத்து அனுப்பின துணி. ஒரு பட்டைக்குத்தான் வரும். என் கிளாஸ்ல மொத மொதல்ல ஒரு ஆளுக்குக் கறுப்புப் பட்டை குடுக்கப் போறேன்."

"யாருங்க மாஸ்டர் அந்த பயில்வான்?"

"பயில்வானும் இல்ல, ஒண்ணும் இல்ல. விடிகாலை கிளாஸ்ல இருக்குது ஒரு பொடிசு. உருவத்தைப் பாத்து எவனாவது கிட்ட போனான், எலும்பை எண்ணிக்கினுதான் திரும்புவான்."

பஸ் ஹாரன் அடித்தது. சவுரிராயன் யோசிக்க நேரமில்லாமல் இருப்பதிலேயே பெரிய உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். அந்தச் சட்டைக்குப் பட்டன் கிடையாது. இடுப்பில் ஏதாவது கட்டினால்தான் மானம் நிற்கும். வெள்ளைப் பட்டைகளை எல்லாம் அவன் மூட்டை கட்டவே உபயோகித்திருந்தான். கையில் சும்மா இருந்தது பேப்பரில் சுற்றிய கறுப்புப் பட்டை ஒன்றுதான்.

'நல்லதாப் போச்சு, கறுப்புன்னா அழுக்குத் தெரியாது' என்று டெய்லர் புத்தியோடு நினைத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான்.

சற்றுமுன் 'யோவ்' என்ற கண்டக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க மாஸ்டர். முன்னாடி சீட்டு இருக்குது, உக்காருங்க."

உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகவே எழுந்து இடம் கொடுத்தார். சவுரிராயனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தது அன்றுதான்.

விக்கிரவாண்டியில் சின்னக்கண்ணு ஏறினான். கரும்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். பனைமரத்தில் பாதி உயரம், கண் இரண்டும் பட்டப்பகலிலேயே சிவப்பு. ஏறியதும் நேராக முன்பக்கம் வந்து, ஒரு சீட்டின்மேல் சாய்ந்துகொண்டு நின்றான். அந்தச் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பெரியவர். பஸ்ஸில் பித்தம் வருகிற ஆசாமி. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். இந்தப் பக்கம் அவர் மகள்.

"இன்னாம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரேன். நானும் டிக்கெட்டு வாங்கிக்கினுதான் வர்றேன்," என்றான் சின்னக்கண்ணு.

பெண் முன்னாலேயே பார்த்தாள். அவன் இன்னும் சாய்ந்தான்.

கண்டக்டர் சவுரிராயனைப் பார்த்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இடுப்பில் கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க முடியுமா?

சவுரிராயன் எழுந்தான். முழங்கால் இரண்டும் தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஆடின.

"அண்ணே, என் சீட்டுல வந்து உக்காருங்கண்ணே. இங்க காத்து நல்லா வரும்."

"ஏய், நீ யார்ரா பேஜாரு, வெள்ளையும் சொள்ளையுமா?" என்று சின்னக்கண்ணு கையை ஓங்கினான்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் சாலையில் ஆட்டுமந்தை. டிரைவர் பிரேக்கை மிதித்தார். சவுரிராயன் "மாதாவே!" என்று அலறிக்கொண்டு பறந்து போய், சின்னக்கண்ணுவின் வயிற்றில் தலையால் மோதினான். அதே நொடியில் சின்னக்கண்ணு பஸ்ஸே அதிர, "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பேயைக் கண்டவன்போல் விழித்தான். பிறகு ஆடுகளுக்கு நடுவே குதித்து, வேர்க்கடலை விளைந்து கிடந்த மல்லாட்டைக் கொல்லையில் விழுந்து ஓடினான்.

பஸ் கைதட்டியது.

தலை போய் மோதியது வயிற்றில், அவன் ஏன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான் என்று சவுரிராயனுக்குப் புரியவில்லை. உயிர் தப்பிய சந்தோஷத்தில் அதை யோசிக்கவும் இல்லை.

எலுமிச்சம்பழப் பெரியவர் கண்ணைத் திறந்தபோது பார்த்தது, வெள்ளை உடையில் பறந்து வந்த ஒரு மனிதனையும் தப்பித்து ஓடிய ஒரு ரவுடியையும்தான்.

"தம்பி பேரு என்னாங்க?"

"சவுரிராயன்ங்க."

"அட, நம்ம மாதா கோயில்காரரு! நான் தேவசகாயம். திண்டிவனம் பங்கு. ரயில்வேல இருந்து ரிட்டயர்டு. இது எம்பொண்ணு இருதயமேரி, டெலிபோன் ஆபீசுல வேலை. தம்பிக்குக் கல்யாணம் காட்சி…?"

"இன்னும் ஆவலைங்க. நான் வந்து, தையக்கடை வெச்சிக்கினு…"

எனக்குக் கராத்தே தெரியாது என்பதுதான் அடுத்த வாக்கியம். அந்த நேரம் பார்த்து இருதயமேரி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். வாக்கியம் தொண்டையிலேயே படுத்துவிட்டது.

"தொழில் தையலு, கலை கராத்தே! மாதா எங்க கண்ணைத் தொறந்துட்டா," என்றார் தேவசகாயம். அவர் கண் திறந்தது ஒரு நிமிஷம் தாமதமாக என்பது அவருக்குத் தெரியாது.

திண்டிவனத்தில் மூட்டையை வாங்கிய மாஸ்டர் பச்சைமுத்து, "கறுப்புப் பட்டை எங்க?" என்றார்.

பட்டையில் பஸ் புழுதியும் மீன் வாடையும் ஏறியிருந்தன. இறங்கியதுமே தன் சட்டைக்கு மாறி, பட்டையைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்த சவுரிராயன், உலகத்து டெய்லர்கள் எல்லாம் சொல்கிற பதிலைச் சொன்னான். "இன்னும் ஓரத்தையல் பாக்கி இருக்குதுங்க மாஸ்டர். அடுத்த வாரம்."

அடுத்த வாரம் தேவசகாயம் ஒயர் கூடையில் பழத்தோடு விழுப்புரத்தில் வந்து இறங்கினார்.

"பொண்ணு பூசைக்குப் போறா, பாட்டுக்குழுவுக்குப் போறா, ஆபீசுக்குப் போறா, எந்நேரமும் தனியா போய்க்கினு வந்துக்கினு இருக்கா. எனக்கு வயித்துல நெருப்பு. கட்டிக்கிறவன் நாலு பேரை அடிக்கிறவனா இருக்கணும்னு நேந்துக்கினேன். வேற எதுவும் எனக்கு வேணாம்."

"ஐயா, உண்மையைச் சொல்லணும்னா…" என்று தொடங்கினான் சவுரிராயன்.

பக்கத்துச் சைக்கிள் கடைக் கோதண்டபாணி பஞ்சர் ஒட்டிய கையோடு உள்ளே நுழைந்தார். ஊரில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் யோசனை சொல்ல முதலில் வருகிறவர். அவர் யோசனையால் யாருக்கும் கஷ்டம் குறைந்ததில்லை.

"உண்மையை அவரு எப்படிங்க சொல்வாரு? கூச்சப்படுவாரு. நான் சொல்றேன் கேளுங்க. போன மாசம் என் கடையில சைக்கிள் ரிம்மு ஒண்ணு நெளிஞ்சிருந்துச்சு. ஒரே தட்டு. நேராயிடுச்சு!"

தேவசகாயம் பரவசமாகிப் போனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும்போது அந்தக் கறுப்புப் பட்டையையும் கொண்டுவர வேண்டும், வீட்டில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நீ எத்தினி வருஷமாப் பொண்ணு தேடிக்கினு இருக்கிற? வர்ற சீதேவியை உண்மையைச் சொல்லித் தொரத்துவியா?" என்றார் கோதண்டபாணி.

திண்டிவனத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் திருஇருதயப் படத்துக்குக் கீழே சின்ன சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. காப்பி கொடுத்த இருதயமேரி, பெரியவர்கள் சீர்வரிசை பேசும் நேரத்தில், கிணற்றடிப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"பஸ்ல உங்களுக்குப் பயமா இல்லியா?"

சவுரிராயனுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "இருந்துச்சு. காலெல்லாம் நடுங்குச்சு."

"அப்புறம் எதுக்கு எழுந்தீங்க?"

"எடம் குடுத்தா உங்க பக்கத்துல இருந்து அந்தாண்ட போயிடுவான்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். "பஸ்ல அத்தினி ஆம்பளைங்க இருந்தாங்க. எழுந்தது நீங்க ஒருத்தருதான்." பிறகு, "இந்த நடுக்கத்தை எல்லாம் அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அவருக்கு நாலு பேரை அடிக்கிற மாப்ளதான் வேணுமாம்" என்றாள்.

கறுப்புப் பட்டையை வாங்கி, விரலால் தையல் வரிகளைத் தடவிப் பார்த்தாள்.

"யாரு தெச்சது?"

"நான்தான்."

"கோணலே இல்லாம இருக்குது." கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தச் சிரிப்போடு பஸ் ஏறிய சவுரிராயன் விக்கிரவாண்டி வருவதற்குள் முடிவெடுத்துவிட்டான். இந்தப் பெண்ணை விடக்கூடாது. அதற்கு ஒரே வழி, பொய்யை உண்மையாக்கிவிடுவது. கராத்தே கற்றுக்கொள்வது!

"எதுக்குன்னு கேக்க மாட்டேன்," என்றார் மாஸ்டர் பச்சைமுத்து. "கராத்தேன்னா இன்னா? சொல்லு."

"அடிக்கிறதுங்க."

"அது கடைசிப் பாடம். மொத பாடம் ஓடறது. வம்பு வர்ற எடத்துல நிக்காம இருக்கறவன்தான் வீரன். ரெண்டாவது பாடம் விழறது. விழுந்தா எலும்பு உடையாம விழத் தெரியணும். இந்த ரெண்டும் தெரிஞ்சவனுக்கு மூணாவது தேவைப்படாது. ஓடு!"

சவுரிராயன் சாயங்கால வெயிலில் களத்தைச் சுற்றி ஓடினான். காய்ந்த நெல்லில் வழுக்கி விழுந்தான். "இது ரெண்டாவது பாடம். அவசரப்படாத," என்றார் மாஸ்டர். பிறகு குதிரைமேல் உட்கார்ந்தாற்போல் காலை அகட்டி, குதிரையே இல்லாமல் நிற்க வைத்தார். சவுரிராயன் நின்றபடியே மாதாவைக் கூப்பிட்டான்.

"அந்தக் கறுப்புப் பட்டை என்னாச்சு டெய்லரே?"

"இன்னும் ஒரு வரி தையல் பாக்கிங்க மாஸ்டர்."

"பரவால்ல. நான்தான் பறக்கிறேன். கட்டிக்கப் போற பொடிசு சிரிக்குது. 'வரட்டும் மாஸ்டர், பட்டை எங்க போயிடப் போவுது'ங்குது. அந்தப் பொறுமைதான்யா கராத்தே!"

மறுநாள் சவுரிராயனால் மிஷினை மிதிக்க முடியவில்லை. தொடை இரண்டும் வீங்கியிருந்தன. வேறொரு கல்யாண வீட்டார் கொடுத்திருந்த பேண்ட்டுகள் ஒற்றைக் காலோடு தொங்கின. அந்த மாப்பிள்ளையின் மாமன் வந்து கத்தினான். சவுரிராயன் நொண்டி நடப்பதைப் பார்த்தவர்களிடம், "பெரிய பெரிய ஆளுங்களோட மோதிட்டு வர்றாரு" என்று கோதண்டபாணி விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு தெருப் பையன்கள் சவுரிராயனைக் கண்டால் இடுப்பை வளைத்து வணங்கத் தொடங்கினார்கள்.

கல்யாண ஓலை படிக்கிற ஞாயிறு வந்தது. திண்டிவனம் கோயிலில் பூசை முடியும் நேரம் பங்குச் சாமியார் மைக்கில் படித்தார். விழுப்புரம் சவுரிராயன், திண்டிவனம் இருதயமேரி. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த சவுரிராயன் யாராவது எழுகிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். தடை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். ஓலை பொய்யாகிவிட்டால் பாவம் யார் தலையில்? பூசை முடிந்ததும் நேராகச் சாமியார் உடை மாற்றும் அறைக்குப் போனான்.

"தோத்திரம் சாமி. ஒரு தடை இருக்குதுங்க."

"யாரு சொன்னா?"

"நான்தாங்க. எனக்குக் கராத்தே தெரியாதுங்க சாமி."

சாமியார் அவன் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"இதாம்பா தாழ்ச்சி! தேவசகாயம் சொன்னாரு, நீ வாயைத் தொறந்து ஒரு பெருமை பேச மாட்டேன்னு. இந்தக் காலத்துல ஒரு செங்கல்லை உடைச்சவன்லாம் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறான். நல்லவேளை நீயே வந்த. திருவிழாவுல தேருக்கு முன்னாடி என்ன நிகழ்ச்சி வெக்கிறதுன்னு தவிச்சிக்கினு இருந்தேன். ஓடு உடைச்சிக் காட்டு. ஓடு எங்க செலவு."

"சாமி, நெசமாவே தெரியாதுங்க!"

"பாத்தியா, பாத்தியா, மறுபடியும்!"

உண்மையைச் சொன்னால் விடுதலை கிடைக்கும் என்று அதே கோயிலில்தான் பிரசங்கம் கேட்டிருந்தான். அவனுக்குக் கிடைத்தது ஓடு.

"இதுக்கு நான் ஒரு ஐடியா சொல்றேன்," என்றார் கோதண்டபாணி. "வலது கையில மாவுக்கட்டு போட்டுக்கோ. உடைஞ்ச கையால ஓடு உடைக்கச் சொல்ல அவங்க இன்னா ராட்சசங்களா?"

மாவுக்கட்டோடு மாப்பிள்ளையைப் பார்த்த தேவசகாயம் பதறினார். கட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"இடது கை இருக்குதில்ல?"

சவுரிராயன் தன் இடது கையை ஒரு துரோகியைப் போலப் பார்த்தான்.

அன்றிலிருந்து திண்டிவனம் தெருக்களில் குதிரை வண்டியில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் அலறியது. "வலது கை உடைந்த நிலையிலும் இடது கையாலேயே ஓடுகளைத் தூள் தூளாக்கும் விழுப்புரம் கராத்தே வீரர்! காணத் தவறாதீர்கள்!" இடது கை என்றதும் கூட்டம் இரண்டு மடங்கு சேர்ந்துவிட்டது. வளவனூரிலிருந்துகூட ஆள் வந்ததாகச் சொன்னார்கள்.

திருவிழா மாலை. கோயில் வாசலில் சீரியல் செட் பல்புகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. பலூன்காரன், பஞ்சுமிட்டாய், கலர் சோடா. பந்தலுக்குக் கீழே மேடை. மேடையில் செங்கல்மேல் சீமை ஓடுகள் அடுக்கடுக்காக. அதற்குப் பின்னால் வெள்ளை உடுப்பில், கறுப்புப் பட்டையோடு, மாவுக்கட்டோடு சவுரிராயன். மாஸ்டர் பச்சைமுத்து மெட்ராஸ் போயிருந்தார். அந்த ஒரு தைரியத்தில்தான் பட்டையைக் கட்டியிருந்தான்.

முதல் பாடம் நினைவுக்கு வந்தது. ஓடுவது. மேடைக்குப் பின்பக்கம் படிக்கட்டு இருந்தது. திரும்பிப் பார்த்தான். படிக்கட்டின் மேல்படியில், கையில் சோடா பாட்டிலோடு இருதயமேரி நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி ஓட முடியாது. அவளை விட்டு ஓடவும் மனமில்லை. சரி, கை உடையட்டும், உடைந்ததும் இந்த மைக்கிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று இடது கையை ஓங்கினான்.

"நிறுத்துடா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சின்னக்கண்ணு வந்தான். இன்றைக்கும் கண் சிவப்புதான்.

"கூட்டேரிப்பட்டுல என்னை அவமானப்படுத்தினவன் நீதானே? ஓடு திருப்பி அடிக்காது. நான் அடிப்பேன். வாடா!"

ஒரே தாவில் மேடையில் ஏறினான். "மாப்ள, விடாதீங்க!" என்று தேவசகாயம் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார். சவுரிராயன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டாவது பாடத்தின்படி எந்தப் பக்கம் விழுந்தால் எலும்பு தப்பும் என்று மட்டும் யோசித்தான்.

அடி விழவில்லை. படபடவென்று ஓடு நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது.

கண்ணைத் திறந்தான். சின்னக்கண்ணு பின்னோக்கித் தடுமாறி, அடுக்கி வைத்த ஓடுகளின்மேல் உட்கார்ந்திருந்தான். அத்தனையும் தூள். இரண்டு கையையும் கூப்பி, சவுரிராயனின் தோளுக்கு மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வேணாம்… நான் போயிடறேன்… வேணாம்!" என்று குழறினான். எழுந்து, பலூன்காரனைத் தள்ளிக்கொண்டு ஓடியே போனான்.

சவுரிராயன் திரும்பிப் பார்த்தான். பின்னால் இருதயமேரி மட்டும்தான். இடுப்பில் இழுத்துச் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, சோடாவை நீட்டினாள். அவளுக்கும் பின்னால் சப்பரத்தில் சம்மனசு சிறகோடும் வாளோடும் நின்றது. சம்மனசைப் பார்த்துத்தான் அவன் பயந்தான் என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மற்றவர்களின் அபிப்பிராயம் வேறு. "கையால ஓடு உடைக்கிறவனைப் பாத்திருக்கிறோம். தொடாமயே ஆளை வெச்சி ஓடு உடைக்கிறவனை இன்னைக்குத்தான்யா பாக்கிறோம்!" தேவசகாயம் அழுதேவிட்டார். வெடி வெடித்தது. தேர் புறப்பட்டது. அன்றைக்குப் பந்தலில் சுற்றிய கொட்டுச் சத்தமும் கந்தக வாடையும் மல்லிகைப்பூவும், ரொம்ப வருஷம் கழித்தும் எங்காவது வாணம் வெடித்தால் சவுரிராயனின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அந்த ராத்திரி அவனுக்குத் தூக்கம் வரவில்லை. சாமியாரிடம் சொன்னான், நம்பவில்லை. இனி சொல்லவேண்டிய இடம் ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரமே தேவசகாயமும் அவர் மனைவியும் கல்யாண ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தார்கள். கட்டு அவிழ்த்திருந்த கையைப் பார்த்து, "அதுக்குள்ள கூடிடுச்சா! கராத்தே உடம்பு!" என்று வியந்த தேவசகாயத்தை, கோதண்டபாணி தள்ளிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனார். அங்கே சைக்கிள் ரிம் கதை மறுபடியும் தொடங்கியது. இந்தத் தடவை லாரி ரிம்.

கடையில் மாமியார் மட்டும். ரேடியோவில் மெல்லிசாகப் பாட்டு. சவுரிராயன் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, கையில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினான்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க கல்யாணத்தை நிறுத்தினாலும் சரி."

"சொல்லுங்க மாப்ள."

"எனக்குக் கராத்தேல ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. பஸ்ல நான் யாரையும் அடிக்கல. மேடையிலயும் அடிக்கல. அவன் எதைப் பாத்து ரெண்டு தடவையும் பயந்தான்னு சத்தியமா எனக்குத் தெரியல. உங்க பொண்ணை ஏமாத்தக் கூடாதுன்னுதான்…"

மாமியார் ரவிக்கைத் துணியை மேஜைமேல் வைத்தாள். எதிர் டீக்கடையில் தன் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு மிஷின் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ரவிக்கை மெதுவா ஆவட்டும் மாப்ள, மொதல்ல அந்தக் கறுப்புப் பட்டையைக் குடுத்துடுங்க, நீங்க கட்டிக்கினு திரியறதால, பூசைக்குன்னு அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டு எம்பொண்ணு இன்னமும் பழைய பட்டையோடதான் விடிகாலை கிளாசுக்குப் போய்க்கினு இருக்கா."